மஞ்சள் தூணருகே பதினொரு முறை

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. அங்கே நான் இருப்பது வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாள்களில் கொமுட்டர் ரயிலேறித் துறைமுக நகரமான கிள்ளான் பக்கம் போய்விடுவேன். பையில் கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று எப்போதும் இருக்கும். அதன் பக்கங்களில் அளவுகோல் வைத்து நானே கோடு போட்டிருப்பேன். இடது ஓரத்தில் கிழமையும் நேரமும். அதையடுத்து மூன்று கட்டங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. ஒரு பிள்ளை ஏன் கடிக்கிறது, ஏன் அலறுகிறது, ஏன் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கெல்லாம் பதில் பெரும்பாலும் முதல் கட்டத்தில் இருக்கும். பதினெட்டு ஆண்டுகளாக அந்தக் கட்டங்களை நம்பித்தான் வேலை செய்துவருகிறேன்.

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் இருந்த அந்தச் சிறுமிக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ளவள். வீட்டுக்குப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் தன் அழிப்பானைக் கேட்காமலே அவள் பக்கம் தள்ளிவைக்கும் அளவுக்கு ஒரு நட்பும் உண்டாகியிருந்தது. சிக்கல் ஒன்றுதான். சில நாள்களில், பத்து மணிக்கு ஓய்வுநேர மணி அடித்ததும், அவள் சிற்றுண்டிச் சாலைக்குப் போகாமல் பள்ளி வாசலை நோக்கி ஓடினாள்.

"அவ ஓடுறா, நான் பின்னாலயே ஓடுறேன். நாலு கிலோ குறைஞ்சிட்டேன் டீச்சர்," என்று வகுப்பாசிரியை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இளவயதுக்காரர். முப்பத்தொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்திக்குப் பின்னால் ஓடுவதென்றால் மற்ற முப்பது பேரை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வாசலுக்கு வெளியே போகும் சாலை துறைமுகச் சாலை. சரக்குப் பெட்டி ஏற்றிய கொண்டேனர் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஏழு வாரம் குறிப்பெடுத்தோம். வகுப்பாசிரியை அன்றன்று எழுதிவைப்பார். நான் வாரத்துக்கு ஒருமுறை போய் அதை என் கட்டங்களில் நகலெடுப்பேன். மொத்தம் பதினொரு ஓட்டம். கிழமை வாரியாகப் பிரித்தேன். திங்கள் இரண்டு, செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று.

முதல் இரண்டு வாரமும் வெள்ளிக்கிழமை ஓடியதால், தொடக்கத்திலேயே அந்தக் கிழமையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்துத் தேவாரம் பாடுவார்கள். சத்தம் தாங்காமல் ஓடுகிறாளோ என்று நினைத்துக் காது மூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை மகிழ்ச்சியோடு மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டே ஓடினாள்.

ஏழாவது வாரத்து வெள்ளிக்கிழமைதான் விபரீதம் நடக்க இருந்தது. சிற்றுண்டிச் சாலைக்கு ரொட்டி கொண்டுவந்த வேனுக்காக வாசலைத் திறந்திருந்தார்கள். அவள் வெளியே போய்விட்டாள். வந்துகொண்டிருந்த லோரி சக்கரம் தேய நின்றது. வகுப்பாசிரியை போய்ச் சேர்ந்தபோது, வாசலுக்கு வெளியே கால்வாய் ஓரமாக இருக்கும் மஞ்சள் நிறச் சிமெண்டுத் தூணைப் பிடித்தபடி அவள் அமைதியாக நின்றுகொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், என்னைத் தப்பா நினைக்காதீங்க. அந்தப் பிள்ளை மேல எனக்கும் ஆசை இருக்கு. ஆனா ஒரு தடவை ஏதாவது ஆயிட்டா போதும் லா. அந்த அம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் என்று முடிவானது. அதுவரை பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். ஓட்டத்தை நிறுத்த வழி தெரியாவிட்டால், கிள்ளானுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்புக்கு அவளை மாற்றப் பரிந்துரை எழுதப்படும். அங்கே பாடம் மலாயில் நடக்கும். பண்டமாரானிலிருந்து வேன் கிடையாது. கிடங்கில் வேலை பார்க்கும் அம்மா வேலையை விடவேண்டியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்த தமிழும், அழிப்பானைத் தள்ளிவைக்கும் தோழியும் இங்கேயே நின்றுவிடும். பரிந்துரையில் கையெழுத்துப் போடவேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் எப்போதும் போகும் நேரம் அது. எப்போதும்போலக் கூடத்தில் விளக்கு எரியவில்லை. அம்மா வாயில் விரல் வைத்து என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனார்.

"அவரு தூங்குறாரு க்கா."

அந்த வீட்டுக்கு நான் போனது அது ஆறாவது முறை. அப்பாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒன்று வேலையில் இருப்பார், அல்லது மூடிய அறைக்கதவுக்குப் பின்னால் இருப்பார். என் குறிப்பேட்டில் 'தந்தை' என்ற இடத்தில் 'துறைமுகம், ஷிப்ட்' என்று இரண்டே சொல் எழுதியிருந்தேன்.

சிறுமி சமையலறைத் தரையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தினமும் காலையில உடுத்திக்கிறா. வேண்டாம்னா கேக்க மாட்டேங்குறா. வேன் வரலன்னு வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா," என்றார் அம்மா. தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பார்வையைத் திருப்பினேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாத அட்டவணை ஒன்று காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு நாள் பச்சை, இரண்டு நாள் நீலம், இரண்டு நாள் வெள்ளை. மறுபடியும் பச்சை.

"அது என்ன?"

"அவரோட ஷிப்ட் க்கா. பச்சைன்னா பகல், நீலம்னா நைட், வெள்ளைன்னா லீவு. நீலம் வந்தா வீட்டுல யாரும் வாயைத் திறக்கக்கூடாது." லேசாகச் சிரித்தார். "நாங்க திங்கள், செவ்வாய் எல்லாம் பாக்குறதில்ல. இதைத்தான் பாப்போம்."

ஆறு நாள் சுற்று. ஏழு வாரமாக நான் ஐந்து கிழமைகளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

குறிப்பேட்டை எடுத்தேன். காந்தத்துக்கு அடியில் போன மாதத் தாளும் இருந்தது. தேதிகளை ஒப்பிட்டேன். சரியாக வரவில்லை. சில ஓட்டங்கள் நீலத்தில், சில வெள்ளையில். பிறகு ஒரு நாள் தள்ளிப் பார்க்கத் தோன்றியது. இரவு வேலை மறுநாள் காலையில்தானே முடிகிறது. நீலத்துக்கு மறுநாள், நீலத்துக்கு மறுநாள் என்று விரலை வைத்துக்கொண்டே போனேன். பதினொன்றும் பொருந்தின.

"நைட் வேலை முடிஞ்சு வர்ற காலையில பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போகும்?"

"அவருதான் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுவாரு. மத்த நாள் வேன்."

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். நான் கேட்கவில்லை என்பதுதான் சரி. பள்ளிக்கு எப்படி வருகிறாள் என்ற கேள்விக்கு முதல் நாளே 'வேன்' என்று எழுதிக் கீழே கோடு போட்டிருந்தேன்.

எங்கள் குரல் கேட்டிருக்க வேண்டும். அறைக்கதவு திறந்தது. கைலியும் பனியனுமாக அப்பா வந்தார். என்னைக் கண்டதும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன.

"எழுப்பிட்டோமா? மன்னிக்கணும்."

"பரவால்ல டீச்சர். இப்பல்லாம் தூக்கமே வர்றதில்ல."

"ஒன்னே ஒன்னு கேக்கணும். காலையில வாசல்ல விடும்போது பிள்ளைகிட்ட என்ன சொல்வீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். எதையோ தவறாகச் செய்து பிடிபட்டவர்போல இருந்தார். "ஒன்னும் சொல்றதில்ல. கையை விடமாட்டா. மோட்டார நிப்பாட்டி, அந்த மஞ்சத் தூண்கிட்ட ரெண்டு பேரும் நிப்போம். 'நீ உள்ள போம்மா, அப்பா இங்கயேதான் நிப்பேன்'னு சொல்வேன். அதச் சொன்னாத்தான் விடுவா. சும்மா சொல்றதுதானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் மகள் பக்கம் திரும்பினார்.

எந்தப் பெற்றோரும் சொல்லக்கூடிய வார்த்தை அது. மற்ற பிள்ளைகள் உள்ளே போனதும் மறந்துவிடும். இவள் மறக்கவில்லை. பத்து மணிக்கு ஓய்வுநேர மணி அடித்து வகுப்பிலிருந்து விட்டதும், அப்பா நிற்கிறாரா என்று பார்க்கப் போனாள். நாங்கள் எல்லாரும் அதற்கு ஓட்டம் என்று பெயர் வைத்தோம்.

அவர் சிறுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "எத்தனை தடவை டீச்சர்?" என்றார்.

என்னிடம் எண்ணிக்கை இருந்தது. தேதியும் நேரமும் இருந்தன. பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்திருக்கலாம். ஆனால் பிள்ளைக்குச் சும்மா சொன்ன ஒரு வார்த்தையால்தான் நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

"பதினொன்னு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சிறுமி அவர் சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் நடந்த கூட்டத்துக்கு அப்பா இரவு வேலையிலிருந்து நேராக, ஒளிரும் பட்டை போட்ட மேலங்கியோடும் இரும்பு முனைச் சப்பாத்தோடும் வந்தார். நான் குறிப்பேட்டையும் ஷிப்ட் தாள்களையும் மேசையில் விரித்துத் தேதிகளைக் காட்டினேன். என் தவறையும் சொன்னேன். தலைமையாசிரியை நெடுநேரம் தாள்களைப் பார்த்தார்.

"சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஓடமாட்டான்னு யாரு சொல்றது?"

"யாராலயும் சொல்ல முடியாது," என்றேன். "ஒரு மாசம் குடுங்க. ஓய்வு நேரத்துல வாசலைத் திறக்க வேண்டாம். ரொட்டி வேன் முன்னாடியே வந்துட்டுப் போகட்டும்."

வகுப்பாசிரியை மெதுவாகச் சொன்னார்: "நான் பாத்துக்கிறேன் டீச்சர். ஏற்கனவே நாலு கிலோ. இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா என் வீட்டுக்காரருக்குத்தான் சந்தோஷம்." தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாற்றுப் பரிந்துரைத் தாளை இழுப்பறையில் வைத்தார். கிழிக்கவில்லை.

நான் மூன்று படங்கள் கொண்ட அட்டை ஒன்று தயாரித்தேன். அப்பா மோட்டாரில் போவது, அப்பா தூங்குவது, அப்பா மஞ்சள் தூணருகே நிற்பது. தூங்கும் படத்தை அம்மா எடுத்து அனுப்பினார். வாய் திறந்திருந்தது. மூன்றாவது படத்துக்குக் கீழே பள்ளி விடும் நேரமான 1.10 என்று எழுதுமுன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "வேன் இருக்கு. நைட் வேலை முடிஞ்சு நீங்க மத்தியானம் எழுந்து வரணும்னு இல்ல. வர முடியாத ஒன்ன அட்டையில போட வேண்டாம்."

"எழுதுங்க டீச்சர்."

"ஒரு நாள் தவறினாலும்..."

"தெரியும். எழுதுங்க."

அவள் பள்ளிக்குத் திரும்பியபின் வந்த முதல் இரவு வேலைக்கு மறுநாள், பத்து மணிக்கு நான் வகுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். மணி அடித்தது. அவள் எழுந்து கதவுவரை வந்தாள். வகுப்பாசிரியை இரண்டடி பின்னால் தயாராக நின்றார். சிறுமி பென்சில் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்தாள். இரண்டாவது படத்தில் விரலை வைத்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தோழியோடு சிற்றுண்டிச் சாலைக்கு நடந்தாள். வகுப்பாசிரியை கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

ரயிலுக்கு நேரமிருந்தது. பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு நான் வாசலைக் கடந்தபோது அவள் அப்பா ஏற்கனவே அங்கே இருந்தார். மோட்டாரை நிழலில் நிறுத்திவிட்டு வெயிலில் மஞ்சள் தூணருகே நின்றிருந்தார். கன்னத்தில் தலையணையின் கோடு அழியாமல் இருந்தது.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கே. நிழல்ல உக்காரலாமே," என்றேன்.

"இல்ல டீச்சர்," என்றார், பள்ளிக் கட்டடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சீக்கிரம் விட்டுட்டாங்கன்னா?"