ஆந்தைக்காக இருமியது

அம்மாவின் தங்கையைப் பெண் பார்க்க ஈப்போவிலிருந்து வருகிறார்கள் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. எனக்குக் கிடைத்தது இருமல்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வீட்டுக் கூரையில் வெள்ளை மூஞ்சி ஆந்தை ஒன்று குடியேறியிருந்தது. பிரிஞ்சாங் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த சித்திக்கு அது செல்லம். வராந்தாவில் கோழித் தீவன மூட்டையை மேய வரும் எலிகளை அதுதான் கவனித்துக்கொண்டது. அம்மாவுக்கோ அபசகுனம்.

"ஆந்தை கத்துற வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?"

அப்பா சிலிப்பரை எறிந்து பார்த்தார். சிலிப்பரும் கூரையிலேயே தங்கிவிட்டது. கடைசியில், ஆந்தை கத்தும்போதெல்லாம் நான் பலமாக இரும வேண்டும் என்று முடிவாயிற்று.

மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாயும் நேரத்தில் வந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஆந்தை கத்தியது, இருமினேன். மறுபடி கத்தியது, மறுபடி இருமினேன். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டு, "புள்ளைய டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார். அம்மா அவசரமாக வடைத் தட்டை நீட்டினார்.

சற்று நேரத்தில் கரண்ட் போனது. பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத இருட்டு. மூட்டைப் பக்கம் ஏதோ சரசரத்தது. சிறகடிக்கும் ஓசையே இல்லை. 'தொப்' என்று மட்டும் கேட்டது. மாப்பிள்ளை கைப்பேசி வெளிச்சத்தை அடித்தார். மூட்டையோரம் வைத்திருந்த அவருடைய அம்மாவின் கைப்பைமேல் ஆந்தை நின்றது, நகங்களுக்கிடையே எலியோடு. எங்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"இவ்ளோ இருட்டுல எலிய எப்படிப் பாத்துச்சு?" என்றார் மாப்பிள்ளை.

அதுவரை குனிந்திருந்த சித்தி நிமிர்ந்தார். "பாக்கலங்க, கேட்டுச்சு. அதுக்கு ஒரு காது மேல, ஒரு காது கீழ. ரெண்டுலயும் சத்தம் வேற வேற மாதிரி விழும். அத வெச்சே எலி எங்கன்னு புடிச்சிரும்."

மாப்பிள்ளை தன் காதுகளைத் தொட்டுப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வந்த சத்தமே கேக்கலையே?"

"இறகு ஓரத்துல சீப்பு மாதிரி இருக்கும். காத்தச் சீவி அனுப்பிரும்."

"பை புதுசு லா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

கரண்ட் வந்து, எல்லாரும் உள்ளே போன பிறகும் சித்தியும் மாப்பிள்ளையும் மட்டும் முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய், "அது அப்பவே பறந்துருச்சு, சித்தி," என்றேன்.

"சரிம்மா," என்றார் சித்தி. இருவரும் நகரவில்லை.

அங்கே இல்லாத ஆந்தையைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.