முந்நூற்று நாற்பது கிராம் மிச்சம்

சைக்கிள் கிளப் தலைவர் பொய் சொல்கிறார். ஜெரோம் கொல்லிமலையில் விழுந்ததற்கு நான் கட்டிய ஸ்போக் லூஸ்தான் காரணம் என்று கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார். அந்த வீலில் ஒரு ஸ்போக்கைக்கூட நான் கட்டவில்லை. கம்பெனியில் கட்டி வந்த கார்பன் வீல். நான் வண்டியில் மாட்டிக் கொடுத்தேன். மாட்டிக் கொடுத்ததில் என் தப்பு ஒன்று உண்டு. அதையும் சொல்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ரிம் கம்பெனி ஒன்றில் பதினேழு வருஷம் வீல் கோணல் எடுத்தேன். அது மூடிய பிறகு அதே பேட்டையில் சொந்தக் கடை. வீலைச் சுற்றிவிட்டுக் காதால் கேட்டே எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, சம்பளமே அதற்குத்தான்.

1. கொக்கித் தராசு

ஜெரோம் தொண்ணூற்று நாலு கிலோ. நல்ல மனுஷன். ஒருநாள் தலைவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஜோடி வீலோடு வந்தார்.

"எங்க மச்சான் பாரீஸ்லேர்ந்து தூக்கினு வந்தது-க்கா. அடுத்த மாசம் கொல்லிமலை போறோம். இத மாட்டிடுங்க."

தலைவர் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை எடுத்து வீலை மாட்டினார். ஆயிரத்து முந்நூற்று எண்பது கிராம். நான் கட்டிவைத்திருந்த அலாய் ஜோடியை மாட்டினார். ஆயிரத்து எழுநூற்று இருபது.

"பாத்தீங்களா, முந்நூத்தி நாப்பது கிராம் மிச்சம். சுத்துற வெயிட்டு டபுள் கணக்கு. மலைக்கு இதான்."

"அவ்ளோதானா? வாட்டர் பாட்டில்ல பாதிய கீழ ஊத்திட்டா முடிஞ்சிது" என்றேன்.

ஜெரோம் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை.

"ஏறுறதுக்கு சரி சார். ஏறுனா எறங்கணுமில்ல? இது ரிம் பிரேக் வண்டி. பிரேக் கட்டை ரிம்மையே புடிக்கும். சூடு அங்கதான் ஏறும். அலாய் சூட்டத் தாங்கும், வெளிய தள்ளும். கார்பன் சூட்ட உள்ளயே வச்சினு எளகிடும். இவரு வெயிட்டுக்கு முன்னாடி இருபது ஸ்போக், பின்னாடி இருபத்தி நாலு பத்தவும் பத்தாது. அலாய் ரிம், இருபத்தெட்டு, முப்பத்திரண்டு போடுங்க."

"அக்கா, நீங்க பழைய காலத்து ஆளு" என்றார் தலைவர்.

ஜெரோம் என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "மாட்டிடுங்கக்கா" என்றார். மாட்டினேன். கார்பனுக்கு உரிய பிரேக் கட்டையும் போட்டேன். போகும்போது, "கை நோவுதேன்னு பிரேக்க புடிச்சினே எறங்காதீங்க, விட்டு விட்டுப் புடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

2. எழுபது வளைவு

நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம். பயிற்சி என்றால் கனகசெட்டிக்குளம் வரை போய் டீ குடித்துத் திரும்புவது. வழியெல்லாம் தட்டையான ரோடு. ஊருக்குள் வந்தால் பெரிய மார்க்கெட் நெரிசல், ஆட்டோ, மாடு. அதனால் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இருக்கும். இங்கே அது புத்திசாலித்தனம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அது அடுப்பு மூட்டுவது.

ஜெரோம் அப்படித்தான் இறங்கினார். பாதி மலையில் பின் ரிம் இளகி, டியூப் வெடித்து, வளைவில் சறுக்கினார். காறை எலும்பு முறிந்தது. தடுப்புச் சுவர் இருந்ததால் இன்று பேசுகிறார்.

வண்டியோடு வீல் என் கடைக்கு வந்தது. டென்ஷன் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருபத்து நாலு ஸ்போக்கும் இறுக்கம். பிரேக் பிடிக்கும் ஓரம் மட்டும் அப்பளம்போல் உப்பி விரிந்திருந்தது. பிரேக் கட்டை கண்ணாடிபோல் பளபளத்தது. லூஸ் ஸ்போக் இந்த வேலையைச் செய்யாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

3. என் தப்பு

வேண்டாம் என்று தெரிந்தும் மாட்டினேன். வாடிக்கையாளர் சொன்னால் செய்வது என்ற பழக்கம். மறுத்திருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பார், போகட்டும். இப்போது மலைக்குப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் முதலில் வண்டி என்ன பிரேக், ஆள் எத்தனை கிலோ என்று கேட்கிறேன். டிஸ்க் பிரேக் என்றால் வேறு பேச்சு, அது ரிம்மைத் தொடாது. ரிம் பிரேக்கும் கனத்த ஆளும் நீண்ட இறக்கமும் சேர்ந்தால் அலாய்தான். தராசைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

ஜெரோமை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என் மேல் கோபமில்லை.

"தலைவரு எந்த வீல்ல எறங்குனாரு?" என்று கேட்டேன்.

"அவருதும் இதே மாதிரி கார்பன்தான்-க்கா. ஆனா மேல ஏறுனதும் முட்டி வலின்னு சைக்கிள வேன் மேல கட்டிட்டு, வேன்லயே எறங்கிட்டாரு."

தலைவரே, அடுத்த ஞாயிறு அதே மலைக்குப் பதினெட்டுப் பேரைக் கூட்டிப் போகிறீர்கள். அதில் ஆறு பேர் உங்கள் பேச்சைக் கேட்டு ரிம் பிரேக் வண்டியில் கார்பன் வீல் மாட்டியிருக்கிறார்கள். என் பெயரைக் கெடுத்த அதே குழுவில், அந்த ஆறு பேரும் படிக்கும்படி எழுதுங்கள். மலைக்கு இதுதான் என்று சிபாரிசு செய்கிறீர்களே, அந்த வீலில் நீங்கள் ஒரு முறையாவது ஒரு மலையை இறங்கியிருக்கிறீர்களா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பதில் வேண்டும்.