பச்சை மூடித் தைல டப்பா

என் அலமாரியில் பச்சை மூடி போட்ட தைல டப்பா ஒன்று இருக்கிறது. திறந்ததில்லை. திறக்காமலே அதன் வாடை எனக்குத் தெரியும். கடையில் யாராவது அதைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றால் இன்றைக்கும் குமட்டுகிறது.

யாங்கூனில் பேஸ்பால் விளையாடுகிறவர்களே சொற்பம். எங்கள் கல்லூரியில் ஓர் அணி இருந்ததென்றால் அதற்குக் காரணம் சயா. ஆசிரியர் யாரானாலும் இங்கே சயாதான்; எங்களுக்கோ அந்தச் சொல் அவர் ஒருவரைத்தான் குறித்தது. இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வருவார். பந்து எறிகிறவர்களுக்கு மட்டும் பயிற்சியாளர். நம் தமிழ் ஆள் என்று என் அப்பாவுக்கு அவர்மேல் அப்படியொரு பெருமை. வெளிநாட்டில் சில வாரம் பயிற்சி எடுத்தவர் என்பதற்கு அத்தாட்சி ஒரு நீலத் தொப்பி; அதை அவர் கழற்றி நாங்கள் பார்த்ததில்லை.

அவருடைய முறை எளிது. எறிகிறவர்கள் மூன்று பேர் இருந்தாலும் ஒரு போட்டித்தொடருக்கு ஒரே கைதான். முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை அந்தக் கையே எறியும். வலிக்கிறது என்றால் தைலம். எனக்கு முன்னால் அந்தக் கை கியாக்தானிலிருந்து வந்த அண்ணன் ஒருவருடையது. ஒரே வருடத்தில் அவர் முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அவர் சோறு தின்பதை நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். நடிப்பதில் நான்தான் கெட்டிக்காரன். நினைத்தால் வாயைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த தொடருக்கு அந்தக் கை என்னுடையது. மூன்றாம் நாள், இறுதி ஆட்டத்தில், என் தோள் எழவில்லை. சொன்னேன். சயா டப்பாவைத் திறந்து, சட்டைக்குள் கையை விட்டு, தோல் உரிகிற மாதிரி தேய்த்தார்.

“எரியிறப்ப வலி தெரியாது. போய்ப் போடுறா.”

போட்டேன். உள்ளே துணி கிழிவது போல் ஏதோ கிழிந்தது. அதற்குப் பிறகும் போட்டேன். கோப்பை கிடைத்தது. புகைப்படத்தில் அவர் கை என் தோள்மேல், அதே தோள்மேல் இருக்கிறது. அடுத்த வருடம் வேறு கை, வேறு கோப்பை. அப்படி ஏறித்தான் அவர் தலைமைப் பயிற்சியாளரானார். நான் தன்லியின் ஊருக்கு ஓடும் பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஆளானேன்.

போன மாதம் பழைய மாணவர்கள் அவருக்கு ‘கடோ’ வைத்தார்கள். இங்கே அது பெரிய விஷயம். ஆசிரியரை நாற்காலியில் உட்கார்த்தி, எதிரே மண்டியிட்டு, கூப்பிய கையை நெற்றிக்கு உயர்த்தி, தரையில் தலை படக் கும்பிட வேண்டும். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லத்தான் போனேன். இப்போது அவரிடம் எறிகிற பிள்ளைகள் பின்வரிசையில் இருப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி, என் தோளைக் கெடுத்தது நீங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் கையாவது தப்பட்டும். பஸ்ஸில் வழி முழுக்க அதையே சொல்லிப் பார்த்தேன்.

கியாக்தான் அண்ணன் எனக்கு முன்னால் கும்பிட்டார். மடங்கிய முழங்கை கும்பிடுவதற்கு வாகாக இருந்தது. என் முறை வந்தது. மண்டியிட்டேன். வலது கை மார்போடு நின்றுவிட்டது. இடது கை மட்டும் நெற்றிக்குப் போனது. சயா குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சமாவது உறுத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மனிதர் மறந்தே போயிருந்தார்.

“கை பிடிச்சிருக்காப்பா? இத தேச்சுக்க,” என்று பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். பார்த்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள்.

இடது கையால் வாங்கினேன். அந்த மரியாதைக் குறைவு ஒன்றுதான் என்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன்.

“ரொம்ப சந்தோஷம் சயா,” என்று வந்தது.

கை தட்டினார்கள். பின்வரிசைப் பிள்ளைகளைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். ஒருவன் சட்டையிலிருந்து அந்த வாடை வந்தது. நிற்காமல் நடந்தேன்.

நேற்று டப்பாவைக் குப்பைக் கூடையில் எறிந்தேன், இடது கையால். நாலடி தூரம்தான். வெளியே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்து, துடைத்து, திரும்பவும் அலமாரியில் வைத்தேன்.