ஐந்தாம் படியில் இருந்த ஸ்பிரிங்

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பி ஒரு பழைய மோட்டார் சைக்கிளை மணலில் ஓடும்படி மாற்றியிருந்தான். ஞாயிறு காலைகளில் கோவில்பத்திலிருந்து திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பந்தயத்துக்குப் பழகுவான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த எனக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் பொறுப்பு.

ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் அதன் அடியில் ஐந்து படிகள் கொண்ட வளையம் இருக்கும்; ஐந்தாவதுதான் மிக இறுக்கம். ஒல்லியான தம்பிக்கு இரண்டாம் படி போதும். சனிக்கிழமை அப்படி வைத்து, நோட்டில் எழுதிவிட்டு, ஞாயிறு வேலைக்குப் போவேன். மாலை திரும்பினால் ஐந்தாம் படியில் இருக்கும்.

“நீ மாத்துனியா?”

“மணல்ல தானாத் திரும்பியிருக்கும்க்கா.”

கொக்கி ஸ்பானர் இல்லாமல் அந்த வளையம் அசையாது. எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க, அடுத்த வாரம் ஷாக் தண்டில் ஒரு நூல் கட்டினேன். மாலையில் அது கடைசிவரை தள்ளப்பட்டிருந்தது. பின்னால் ஏதோ கனமாக ஏறியிருக்கிறது.

வரி குறைந்த எங்கள் ஊர் மது பாட்டில்களுக்கு, மாநில எல்லையில் உள்ள வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினால் நல்ல விலை. சீட்டுக்கு அடியில் தேடினேன். டூல் பாக்ஸை முகர்ந்தேன். மணல்தான் இருந்தது. ஆனால் வாராவாரம் முழங்கையில் சிராய்ப்போடு வந்தான். போலீஸ் துரத்தி விழுந்தானோ? வண்டியை விற்றுவிடச் சொல்லி, சிங்கப்பூரில் இருந்த அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். கண்ணால் பார்க்காமல் அனுப்ப மனமில்லை.

அடுத்த ஞாயிறு, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்றேன். தம்பி வந்தான். பின்சீட்டில், மடியில் துணிப்பையோடு, கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்த அம்மா.

மத்தியானம் இருவரும் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன்.

“ஆமாண்டி, ரெண்டு மாசமாப் போறேன். அந்த வண்டி பாட்டிலுக்குத்தான் போவுதுன்னு தெருவே பேசுது. நான் பின்னாடி ஒக்காந்தா பாட்டில எங்க வைப்பான், தலையிலயா?”

“அம்மா காவலுக்கு வருதுன்னு எப்படிக்கா சொல்றது?” என்றான் தம்பி.

“அம்மா எறங்குனதும் படியக் கொறச்சியா?”

அவன் முழங்கைச் சிராய்ப்பைத் தடவினான். அம்மாவின் எடைக்காக இறுக்கிய ஸ்பிரிங்கோடு தனியாளாக மணலில் ஓட்டியிருக்கிறான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்சக்கரம் துள்ளி அவனைத் தூக்கி எறிந்திருக்கிறது.

ஒரு துண்டுத்தாளில் எழுதினேன்: அம்மா ஏறினால் ஐந்து, மணலில் இரண்டு. தாளையும் ஸ்பானரையும் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

“நீ திருப்புறதப் பாத்துட்டுத்தான் நான் படகு நெழலுக்குப் போவேன்” என்றாள் அவனிடம்.

அடுத்த ஞாயிறு மாலை, அவனுடைய இரண்டு முழங்கைகளையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன்.