கைப்பிடிக்கு அடியில் ஒரு புள்ளி

கத்தியின் அலகு மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. அதை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "வைக்கோல் கலர் நல்லா வந்துருச்சுங்க சம்மந்தி" என்றார் என் மகளின் மாமனார். அவர் போனபிறகு அதன்மேல் அரத்தை இழுத்தேன். பதம் சரியாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். அன்று கடித்தது, வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அவர் கண்ணில்தான் கோளாறு என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய்.

நாங்கள் செய்தது வேட்டைக் கத்தி. நான் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கிரைண்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன். சம்பந்தி முப்பது வருஷம் இரும்புக்குப் பதம் ஏற்றும் பட்டறையில் இருந்தவர். பல்லடத்திலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்கு வருவார். மாப்பிள்ளை இணையத்தில் படம் போட்டு விற்றார். மான் தோலை உரிக்க என்று ஏதேதோ குளிர்தேசத்துக்காரர்கள் வாங்கினார்கள். எங்கள் இருவரின் வேட்டை அனுபவமோ கொசுவோடு சரி.

லாரியில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டையை வாங்கி வெட்டுவோம். எங்கள் கத்தி 'ஃபுல் டேங்' வகை. அலகின் நுனியிலிருந்து பிடியின் கடைசிவரை ஒரே இரும்பு. பிடியில் இருபுறமும் வாகைக் கட்டையை வைத்து ஒட்டி, ஆணி அடித்து இறுக்கிவிடுவோம். வெட்டுவது, தேய்ப்பது, கட்டை மாட்டுவது என் வேலை. பதம் அவருடையது. செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபின், பளபளவென்று தேய்த்து மறுபடி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அப்போது இரும்பின்மேல் நிறம் ஓடும். வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும். ஊதாவும் நீலமும் ஏறினால் பதம் இறங்கிவிடும். அவர் மீட்டர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, கண்ணை நம்பித்தான் எல்லாம். முடிந்த அலகை என் கையில் தரமாட்டார். கத்தி கைமாறினால் சண்டை வருமாம், அதிலும் சம்பந்திகளுக்குள் கேட்கவே வேண்டாம். பெஞ்சின்மேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். கத்தி செய்யும் இரண்டு பேர் நாளெல்லாம் இப்படி வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஏன் சொல்லவில்லை? பெண் கொடுத்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நிஜம் வேறு. என் மனைவி போனபிறகு அந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல் அவருடையது மட்டும்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏனுங்க சம்மந்தி, இருக்கறீங்களா?" என்பார். இல்லாமல் எங்கே போகப்போகிறேன்? அந்தக் கண்ணை நம்பியே வாழ்ந்த மனிதரிடம் கண் போய்விட்டது என்றால், மறுநாள் அவர் பல்லடத்து வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

அதனால் அவர் வராத நாட்களில் அலகுகளைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அவர் செய்ததை அழித்து மறுபடி பதம் ஏற்றித் தந்தார்கள். கடினம் சரிதானா என்று அங்கே ஒரு மெஷினில் வைத்துக் குத்திப் பார்ப்பார்கள். குண்டூசி முனை அளவுக்குப் புள்ளி விழும். அதைப் பிடிக்குள் போகும் பாகத்தில் குத்தச் சொன்னேன். மேலே கட்டையை ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது! ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். கெட்டிக்காரன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பிடி விரிசல் விட்டதென்று ஒரு கத்தி திரும்பி வந்தது. நான் டீ வாங்கப் போயிருந்தபோது, சும்மா இருப்பானேன் என்று அவரே ஆணியைத் தட்டி எடுத்துக் கட்டையைக் கழற்றிவிட்டார். நான் வந்தபோது கதவோரம் உட்கார்ந்து, வெறும் இரும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் முப்பது வருஷம் பட்டறை மெஷினில் அதே புள்ளியைத் தினமும் குத்தியவர், விரலுக்குத் தெரியாமல் போகுமா?

"இது ஒண்ணு மட்டுந்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க, சும்மா செக் பண்ணிப் பாக்கலாம்னு குடுத்தனுங்க."

"செரிங்க" என்று சொல்லி அதைப் பெஞ்சின்மேல் வைத்தார். "டீ ஆறுதுங்க, குடிங்க" என்றார்.

அடுத்த வாரம் முழங்கால் வலி என்று போன் வந்தது. அதோடு சரி. சண்டையில்லை, மனஸ்தாபம் என்று வெளியே காட்டிக்கொள்ளவும் இல்லை. பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். மகள்தான் ஒருநாள் போனில் சொன்னாள்: "மாமா ஒரே எடத்துல உக்காந்துட்டு இருக்கறாருங்கப்பா. கேட்டா, தொழில் எங்கையை உட்டுப் போயிருச்சு கண்ணுன்னு சொல்றாருங்க." ஆறு மாதம் கழித்து, காபி டம்ளர் என்று நினைத்து அவர் காற்றைப் பிடித்ததைப் பார்த்து, அவளே அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. புரை மூடினால் நீலம் மங்கிப்போய் எல்லாம் பழுப்பாகத்தான் தெரியுமாம். அரைமணி நேர ஆபரேஷன். ஒன்றரை வருஷம் முன்னால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அரைமணி நேரத்தோடு முடிந்திருக்கும். தொழில் கையை விட்டுப் போகவே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கண் சரியானபிறகும் அவர் ஷெட்டுக்கு வரவில்லை. இப்போது எல்லா அலகும் வெளிப் பட்டறைக்கே போகிறது. ஷெட்டில் கிரைண்டரை நிறுத்தினால் வரும் அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் தேவைக்கு அதிகமாகவே தேய்க்கிறேன்.

போன மாதம் பேரனுக்குப் பல்லடத்தில் காதுகுத்து. பந்தியில் சம்பந்தி தேடி வந்து என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கண் இரண்டும் தெளிந்து இருந்தன. என்னைத் திரும்பி, நிறுத்தி நிதானமாகப் பார்த்தார்.

"தலையெல்லாம் இத்தன வெளுத்துப்போச்சுங்களா சம்மந்தி! ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லலீங்களே!"

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நான் சொல்லியிருக்கணுங்க" என்று வாய்வரை வந்தது.

"சாப்புடுங்க சம்மந்தி" என்றேன்.