நாமகிரிப்பேட்டை டப்பா சாமி

ஜியோகேச்சிங் என்பது படித்தவர்களின் விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார்; நாம் செல்போனைப் பிடித்துக்கொண்டு வெயிலில் தேடி அலைய வேண்டும். அப்படித்தான் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு மரவள்ளிக் காட்டு வரப்பில் நிற்கிறேன். 'இந்த மண்ணின் முன்னோடி ஒருவரின் நினைவுக்கல்லருகே தேடவும்' என்கிறது செல்போன்.

தேடவே வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் நான் தேடி வந்த நீலப் பிளாஸ்டிக் டப்பா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தோடு செங்கல் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் திறக்கக் கை நீட்டுகிறேன்.

"ஏனுங்க, செருப்போட தொடாதீங்க!" களைக்கொத்தும் கையுமாக ஓடி வருகிறார் காட்டுக்குச் சொந்தக்கார அம்மா.

"இங்க முன்னோடி கல்லு ஒண்ணு இருக்காமே, எதுங்க?"

அவர் காட்டும் கல்லில் வெள்ளாட்டைக் கட்டியிருக்கிறார்கள். "இந்தக் காட்டத் திருத்தி மொதக் கெணறு வெட்டுன பாட்டனுங்க. எங்க ஊட்டுக்காரரு அவரு வம்சந்தானுங்க."

"அவருக்குப் பூசை இல்லீங்களா?"

"அவரு ஊட்டு ஆளுதானுங்க, கோவிச்சுக்க மாட்டாரு. இந்தச் சாமியப் பாக்கத்தான் பெங்களூருல இருந்தெல்லாம் காரு போட்டுக்கிட்டு வாராங்க. சக்தி இல்லாமயா வாராங்க?"

மறுத்துச் சொல்ல வாயைத் திறக்கிறேன். நான் வந்ததும் காரில்தான், பெங்களூரிலிருந்துதான், பாட்டனைப் பார்க்க அல்ல.

ஆடு பாட்டன் மேல் முதுகைத் தேய்க்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கும்பிடுகிறேன்.