நெஞ்சில் துண்டு கட்டி மரமேறிய அருள்மணி

ஆலங்குடிப் பக்கம் கஜா புயலில் சாய்ந்தது போக மிச்சம் நிற்கிற தென்னைகளில் அருள்மணி ஏறாத மரம் குறைவு. என் தங்கை ராசாத்தியின் மகன் அவன். இருபத்தைந்து வயது. அதிகம் பேச மாட்டான். இளங்காயில் அரிவாள் படாது. மட்டையில் அணில் கூடு இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிட்டு இறங்குவான். அவன் மேலே வெட்ட, நான் கீழே காய் பொறுக்கிக் குவிப்பேன். இப்படித்தான் எங்கள் பிழைப்பு, சாமி புண்ணியத்தில் குறையில்லாமல் போகிறது.

தை மாதம் அரிமளத்தில் அவனுக்குப் பெண் பேசி முடித்தோம். பெயர் அருணா, ஜவுளிக்கடையில் வேலை. வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. அதன் பிறகு பையனுக்குக் காதில் போன் ஒட்டியே இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து அவன் தனக்குத்தானே சிரிப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

பங்குனியில் எல்லாம் மாறிப் போனது. போனை எடுப்பதில்லை. குளத்தில் குளிக்க எங்களோடு வருவதில்லை. வெற்று உடம்போடு மரம் ஏறுகிறவன், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினான். ஒரு நாள் அவன் அம்மாவிடம், "கல்யாணம் வேண்டாம், சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னானாம். காரணம் கேட்டால் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவானாம்.

ராசாத்தி அழுதுகொண்டு வந்தாள். "எவளாச்சும் எதையாச்சும் குடுத்து மயக்கிப்புட்டாளாண்ணே?"

"அப்படியெல்லாம் பேசாத ஆத்தா. முருகன் இருக்கான், விசாரிப்போம்."

அன்று சாயந்திரமே அருணா எனக்குப் போன் செய்தாள். "பெரியப்பா, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா? புடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்லுங்க." அவனுக்கு வேலை அதிகம்மா என்று ஏதோ சொல்லி வைத்தேன். பொறுக்க மாட்டாமல் கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவனே நான்தான்.

சித்திரை வெயிலில் மலையாண்டி தோப்பில் வெட்டு. தோப்புக்காரர் மலையாண்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாப்பிள்ள, இந்த வெயிலுக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்திருக்கீக? பொண்ணு வீட்டுல கலரு கம்மின்னு சொல்லிப்புட்டாகளா?"

அருள்மணி சிரிக்கவில்லை. காலில் தளைக்கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறினான். நாலாவது மரமோ ஐந்தாவது மரமோ, இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டான். "மாமா, மூச்சு முட்டுது" என்ற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே சர்ரென்று வழுக்கிக்கொண்டு வந்து அடியில் உட்கார்ந்தான். கண் சொருகியது. முருகா என்று ஓடிப் போய், காற்று படட்டும் என்று சட்டைப் பித்தானைக் கழற்றினேன்.

உள்ளே நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான். முதுகில் முடிச்சு. அவிழ்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அப்போது பார்த்தேன். இரண்டு பக்கமும் மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போல வீங்கி, தோல் சிராய்ந்து சிவந்து கிடந்தது. அவன் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து மறைத்துக்கொண்டான்.

"பாக்காதீங்க மாமா."

தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்த மலையாண்டியும் பார்த்துவிட்டார். செம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். "வெட்டு இன்னொரு நா பாத்துக்குவோம். ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். இன்றுவரை அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

"எத்தன நாளாடா இப்படி?"

"மாசி கடைசியிலேர்ந்து மாமா. உள்ள காசாட்டம் கட்டியா இருக்கு. மரம் ஒரசுனா உயிர் போகுது, அதுக்குத்தான் கட்டுனேன்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"என்னன்னு சொல்றது? பொம்பளையா மாறிக்கிட்டு வாரேனோன்னு பயமா இருக்கு. புள்ள குட்டி பொறக்குமோ பொறக்காதோ. அந்தப் புள்ள வாழ்க்கைய நான் கெடுக்கலாமா?"

பயலுக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இல்லை. அந்தப் பெண்ணுக்காகத்தான் வேண்டாம் என்றிருக்கிறான்.

மறுநாள் புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்கும் இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். பின்னால் கூட்டம். இவன், "மரத்துல வழுக்கிட்டேங்க" என்றான். எலும்பு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் விலாவைத் தட்டிப் பார்த்து, ஒன்றும் முறியவில்லை, போகலாம் என்றதும் இவன் எழுந்துவிட்டான். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"டாக்டரய்யா, இன்னொன்னும் இருக்குங்க."

அவர் பார்த்துவிட்டு வேறு அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு டாக்டரம்மா. இவன் சட்டையைக் கழற்றத் தயங்கினான்.

"கூச்சப்படாதீங்க தம்பி. இந்தப் பிரச்சனையோட இங்க நெறைய பசங்க வாராங்க."

அழுத்திப் பார்த்தார். வேறு இடங்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தினார். திரும்ப உள்ளே போனபோது, "தினமும் மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க."

"ஜிம்முக்குப் போறவங்க சாப்பிடுற பவுடர், ஊசி?"

"அதெல்லாம் இல்லைங்க."

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "ஏப்பா, காலையில வாயுவுக்கு ஒன்னு போடுவியே?"

"அது மாத்திரையா மாமா? நெஞ்செரிச்சலுக்குச் சும்மா போடுறதுதானே."

வயிற்றில் சோறு இருந்தால் மரம் ஏற முடியாது. அதனால் மதியம் வரை வெறும் டீ. வயிறு புண்ணாகி, மெடிக்கல் கடையில் அவனாகக் கேட்டு வாங்கிய அந்த மாத்திரையை ஒன்றரை வருடமாகத் தினமும் போட்டிருக்கிறான். எங்கள் பக்கம் அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். ஆண் உடம்பிலும் பெண்ணுக்குரிய ஹார்மோன் கொஞ்சம் உண்டாம். அந்த அளவு ஏறி இறங்கினால் மார்பில் இப்படிக் கட்டுமாம். வயசுக்கு வருகிற பையன்கள் பலருக்கு வந்து தானாகவே போய்விடுமாம். சிலருக்குச் சில மாத்திரைகளால் வருமாம். இவன் போடுகிற வகையிலும் அப்படி ஒரு மருந்து கலந்திருக்கிறதாம். அதை நிறுத்தச் சொல்லி, வயிற்றுக்கு வேறு எழுதிக் கொடுத்தார். ரத்தமும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வரும் வரை நான் முருகனுக்கு நேர்ந்துகொண்டு தினம் ஒருவேளைச் சாப்பாடு விட்டேன். அவன் மரமே ஏறவில்லை.

வைகாசி பிறந்து மறுபடி போனபோது டாக்டரம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். கெட்ட கட்டி எதுவும் இல்லை. ஒரு ஹார்மோன் மட்டும் கூடியிருந்ததாம், இனி இறங்கிவிடுமாம். வலி ஏற்கெனவே பாதி குறைந்திருந்தது. வீக்கம் வற்றச் சில மாதம் ஆகும், வற்றாமல் நின்றால் சின்ன ஆபரேஷன் இருக்கிறது என்றார்.

அருள்மணி எழுந்திருக்கவில்லை. "கல்யாணம் பண்ணிக்கலாங்களா?"

"பொண்ணு பாத்தாச்சா?"

"பேசி முடிச்சாச்சுங்க."

"ஒடம்புக்கு ஒரு தடையும் இல்ல. மிச்சத்த அந்தப் பொண்ணுகிட்ட கேளுங்க, எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று அருணாவுக்குப் போன் போட்டான். ஒன்றையும் மறைக்கவில்லை. துண்டு கட்டியதையும் சொன்னான், தானாக மாத்திரை வாங்கிப் போட்டதையும் சொன்னான். இன்னும் முழுசாகச் சரியாகவில்லை என்பதையும் சொன்னான். நான் ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "இம்புட்டுத்தானா? நான் வேற எவளோ இருக்கான்னுல்ல நெனச்சு அழுதுகிட்டு கெடந்தேன். இனிமே போன எடுக்காம இருந்து பாருங்க, நேரா ஆலங்குடிக்கே வந்துருவேன்."

"சரி" என்றான் அவன்.

போனைப் பையில் வைத்துக்கொண்டு, "மாமா, ஆவணியில நாள் பாக்கச் சொல்லுங்க" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், ஊர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனான். எத்தனை ராத்திரி தூக்கம் பாக்கியோ. கண்டக்டர் வந்து, "தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இப்ப சரியாயிருச்சுங்க" என்று சொல்லி, ஆலங்குடிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.